விக்ரோரியா குடிக்காத சூப்

விக்ரோரியாவின் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்த பத்தாம் நாள், உணவு ஆலோசகரான ஓர் இளம் டெனிஷ்காரி கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். கூடாதவை என்ற பக்கத்தில் முதல் வரியே மிளகாய்தான்.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று விக்ரோரியா கேட்டாள்.

"ஆறு மாதம். பிறகு மெல்ல மெல்லப் பார்க்கலாம்."

விக்ரோரியாவுக்கு அப்போது அறுபது வயது. மன்னாரில் பிறந்து, இருபத்தாறு வயதில் டென்மார்க்குக்கு வந்து, பிராண்டே என்ற சின்ன ஊரில் முப்பத்துநாலு வருடம் வாழ்ந்தவள். கடைத்தூளை நம்பாதவள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, யன்னல்களை எல்லாம் திறந்து, செத்தல் மிளகாயைத் தானே வறுத்து அரைப்பவள். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்த இருபது வருடமும் மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்துதான் கொண்டுபோனாள். இனி உருளைக்கிழங்கு மசியலும் அவித்த கரட்டும் என்று அந்தத் தாள் சொன்னது. அவள் அதை நாலாக மடித்து, செபமாலை வைத்திருந்த பைக்குள் வைத்தாள்.

பசி என்று ஒன்று வரவேயில்லை. மூன்று கரண்டி தயிர், அரை வாழைப்பழம், அதோடு சரி. கணவர் ஸ்ரிபன் பிராண்டேயிலிருந்து ஒவ்வொரு நாளும் கார் ஓட்டி வந்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதிலாக வெளியில் காற்று எப்படி அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். காற்றாலைத் தொழிற்சாலையில் இறகுகளுக்குப் பூச்சுப் பூசிய மனுசன். ஓய்வு பெற்ற பிறகும் காற்றை விடவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான டெனிஷ் பெண்ணுக்கு மத்தியானத் தட்டு வந்தது. மூடியைத் திறந்ததும் ஒரு மணம் எழும்பியது. பொரித்த பன்றி இறைச்சியும் அப்பிளும். டெனிஷ்காரரின் பழைய இலையுதிர்காலச் சாப்பாடு அது. விக்ரோரியாவுக்கு வாய் ஊறியது. மூன்று கிழமைக்குப் பிறகு முதல்முறையாக ஊறியது. ஆனால் மனம் தேடியது அந்தத் தட்டில் இருந்ததை அல்ல. அந்த மணத்தைத் தண்ணீரில் கரைத்து, ஆவியாக்கி, கொஞ்சம் இனிப்பாக்கினால் வருமே ஒன்று, அதை.

அது என்னவென்று பிடிபட்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆறு மாரிகாலம் சனிக்கிழமை தவறாமல் வீடு தேடி வந்த சூப் அது. அவள் அதை ஒருநாளும் முழுதாகக் குடித்ததில்லை.

அந்தச் சூப்பைக் கொண்டுவந்தவள் முய். சைகோன் நகரின் சீனத் தெருக்களில் பிறந்த சீனப் பெண். வியட்நாம் யுத்தம் முடிந்த பிறகு மகனோடு வள்ளத்தில் ஏறி, மலேசியாவில் ஒரு முகாமில் கிடந்து, எண்பதாம் ஆண்டில் டென்மார்க்குக்கு வந்தவள். பிராண்டேயில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடி அவளுடையது. இரண்டாம் மாடியில், சரியாக அவளுக்குக் கீழே, ஸ்ரிபனும் விக்ரோரியாவும். ஊரில் இருந்த பின்னலாடைத் தொழிற்சாலையில் ஓவர்லொக் தையல் மெசின் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் முய், மற்றதில் விக்ரோரியா. இருவருக்கும் இடையில் இருந்த ஒரே மொழி டெனிஷ். அதை இருவருமே இலக்கணத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசினார்கள்.

டெனிஷில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் 'நீ'தான். தன்னிலும் பதினெட்டு வயது மூத்தவளை 'நீ' என்று சொல்ல விக்ரோரியாவுக்கு நாக்குக் கூசியது. அதனால் பெயரோடு அக்காவைச் சேர்த்து "முய் அக்கா" என்று கூப்பிட்டாள். முய் அதைத் தன் பெயரைத் தமிழர் உச்சரிக்கிற விதம் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு கார்த்திகை மாதம் மகள் நிறோஷினிக்கு இரண்டு மாதம். விக்ரோரியாவுக்கு இருமல். மேல்மாடிக்குக் கேட்கிற இருமல். ஒரு சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. திறந்தால் முய், கையில் துணியால் சுற்றிய ஒரு பெரிய சட்டி.

"உடம்புக்கு நல்லது. நெஞ்சு ஈரமாகும், இருமல் போகும். நீ குடி," என்றாள்.

மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். தெளிந்த, தேத்தண்ணி நிறத்தில் ஒரு நீர். அதற்குள் பன்றி விலா எலும்புகள், கால்பங்காக வெட்டிய அப்பிள், பெயார்ஸ், கரட் துண்டுகள், சுருங்கின சிவப்புப் பழங்கள், அத்திப்பழம். ஸ்ரிபன் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இறைச்சியும் பழமும் ஒரே சட்டிக்கையோ? இது காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற தண்ணியெல்லோ."

விக்ரோரியாவும் குடித்துப் பார்த்தாள். உப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. இனிப்பு மட்டும் தொண்டைக்குள் நின்றது. மூன்று வாய்க்கு மேல் போகவில்லை. ஆனால் எலும்புகளில் நல்ல இறைச்சி இருந்தது. பச்சைப் பிள்ளைக்காரி வீட்டில் அதை வீணாக்குவதா? எலும்புகளைப் பொறுக்கி எடுத்துக் கழுவி, வெங்காயம் தாளித்து, தூள் போட்டுப் பிரட்டினாள். நீரையும் பழங்களையும் சிங்குக்குள் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அந்தப் பிரட்டலை இருவரும் புட்டோடு சாப்பிட்டார்கள். அருமையாக இருந்தது.

வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கமில்லை. ஆகவே அடுத்த நாள் சட்டியைத் தேய்த்துக் கழுவி, அதற்குள் கொஞ்சம் கறி வைத்து மேல்மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முய் மூடியைத் திறந்து மணந்து பார்த்துச் சிரித்தாள். "நன்றி, நன்றி. சூப் எப்படி?"

"நல்ல ருசி," என்றாள் விக்ரோரியா. வேறு என்ன சொல்வது?

அடுத்த சனிக்கிழமையும் சூப் வந்தது.

அப்படியே தொடங்கி, ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சட்டி வந்தது. ஆறு மாரி. விக்ரோரியா ஒவ்வொரு முறையும் எலும்பைப் பொறுக்கிக் கறியாக்கினாள், நீரை ஊற்றினாள், சட்டியை நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள், நல்ல ருசி என்று சொன்னாள். இடையில் ஒருநாள் மனம் கேளாமல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாள். குருவானவர் போலந்துக்காரர். முழுதையும் கேட்டார். பிறகு, "சூப் அவ்வளவு மோசமா?" என்று கேட்டார். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். அடுத்த சனிக்கிழமையும் ஊற்றினாள்.

அந்த வருடங்களில் இருவரும் ஒருவருக்கொருவர் செய்துகொண்டது எவ்வளவோ. பிராண்டேயில் கார் இல்லாமல் ஒன்றும் நடவாது. ஸ்ரிபன் இரவு வேலைக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே விக்ரோரியா லைசன்ஸ் எடுத்து ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கினாள். அந்த ஊர்த் தமிழ்ப் பெண்களில் அவள்தான் முதல் ஆள். முய் பின்சீற்றில் நிறோஷினியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, சீனப் பாட்டு ஏதாவது முணுமுணுத்தபடி வருவாள். கொப்பன்ஹேகனுக்கு மூன்று மணித்தியால ஓட்டம். அப்போது பாலம் கிடையாது, கடலைக் கடக்கக் கப்பல். கப்பலில் இருவரும் கோப்பி வாங்கி ஆளுக்குப் பாதியாகக் குடிப்பார்கள். அங்கே ஒரு சீனக் கடை, ஒரு தமிழ்க் கடை. முய்யுக்கு உலர்ந்த பழங்களும் சோயாவும். விக்ரோரியாவுக்குக் கருவாடும் செத்தல் மிளகாயும். திரும்பி வரும்போது காருக்குள் அடிக்கும் மணத்துக்கு எந்த நாட்டிலும் பெயர் இல்லை.

தொண்ணூற்றேழு மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நிறோஷினிக்கு ஐந்து வயது. பாலர் பாடசாலையிலிருந்து கூட்டிவந்து, படிக்கட்டில் அவளது பனிச் சப்பாத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள் விக்ரோரியா. முய் கடைப் பையோடு மேலே ஏறி வந்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, டெனிஷில் கேட்டாள்.

"நாளைக்குச் சூப். உனக்கு விருப்பமா?"

நிறோஷினி டெனிஷைத் தண்ணீர் மாதிரிப் பேசுகிற பிள்ளை. "எனக்கு விருப்பமில்லை. நாங்கள் அதைக் குடிக்கிறதில்லை. அம்மா சிங்குக்குள் ஊற்றிவிட்டு எலும்பை எடுத்துக் கறி சமைப்பா," என்றாள்.

விக்ரோரியாவின் கையில் சப்பாத்து அப்படியே நின்றது. முய் சிரித்தாள். குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டாள். "ஓ, அப்படியா," என்று சொல்லிக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

மறுநாள் கதவு தட்டப்படவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் இல்லை.

வேறெதுவும் மாறவில்லை என்பதுதான் விக்ரோரியாவை வாட்டியது. திங்கட்கிழமை மெசினில் முய் எப்போதும் போல வணக்கம் சொன்னாள். கொப்பன்ஹேகன் போனார்கள். நிறோஷினி கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு முய் வெள்ளைச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தாள். சூப்பைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பதென்றால் எப்படிக் கேட்பது? அதற்கான டெனிஷ் விக்ரோரியாவிடம் இருக்கவில்லை. பிறகு டெனிஷ் வந்தது, தைரியம் வரவில்லை.

இரண்டாயிரத்தொன்றில் தொழிற்சாலையை மூடினார்கள். தையல் வேலை போலந்துக்குப் போய்விட்டது. முய்யின் மகன் ஒதென்ஸ நகரில் வீடு வாங்கித் தாயைக் கூட்டிக்கொண்டு போனான். நாலைந்து வருடம் நத்தாருக்கு அட்டை வந்தது. பிறகு அவர்கள் வீடு மாறினார்கள், இவர்களும் தொடர்மாடியை விட்டுச் சொந்த வீட்டுக்கு மாறினார்கள். தொடர்பு அறுந்துபோனது. இருபது வருடத்துக்குக் கிட்ட அப்படியே ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் விக்ரோரியா சமையலறைக்குள் போனாள்.

"நீர் ஏன் எழும்பினீர்? என்ன வேணுமெண்டு சொல்லும், நான் செய்யிறன்," என்றார் ஸ்ரிபன்.

"பண்டி விலா எலும்பு வாங்கிக்கொண்டு வாங்கோ. அப்பிளும் பெயார்ஸும்."

"எலும்போ? உமக்கு அது கூடாதெல்லோ."

"எலும்பு உங்களுக்கு. எனக்குத் தண்ணி."

ஸ்ரிபன் அவளை ஒருகணம் பார்த்தார். பிறகு அவருக்கு விளங்கியது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். எலும்பைக் கடையில் வாங்கினார். அப்பிளுக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. புரட்டாதி மாதம் பிராண்டேயில் வீட்டுக்கு வீடு படலை வாசலில் ஒரு பெட்டி அப்பிள் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிய அட்டையோடு.

முதல் முறை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு அவித்தாள். ஒரு மணித்தியாலத்தில் சாம்பல் நிறத்தில் நுரை பொங்கிச் சட்டி விளிம்பில் ஒட்டியது. நீர் கலங்கிக் கிடந்தது. மணந்து பார்த்தாள், இறைச்சிக் கடை மணம். ஒரு கரண்டி குடித்தாள். வயிறு வேண்டாம் என்றது.

இரண்டாம் முறை எலும்பைத் தனியாகக் கொதிக்க வைத்து, அந்த நீரை ஊற்றி, எலும்பைக் கழுவிவிட்டுத் தொடங்கினாள். கறிக்கு அப்படிச் செய்யும்போது நீர் தெளிவது அவளுக்குத் தெரியும். இம்முறை நீர் தெளிவாக வந்தது. ஆனால் படலைப் பெட்டி அப்பிள் சமையலுக்கான புளி அப்பிள். அரை மணித்தியாலத்தில் கூழாகக் கரைந்து, சூப் ரசத்தைப் போலப் புளித்தது. ஸ்ரிபன் ஒரு கோப்பை குடித்துவிட்டு, "மிளகு போட்டால் நல்லாயிருக்கும்," என்றார். அவருக்கு அது ஆறுதல் சொல்வதாக எண்ணம்.

மூன்றாம் முறை இனிப்பான, இறுக்கமான அப்பிளைக் கடையில் வாங்கினார்கள். தோலோடு, விதையை மட்டும் எடுத்துப் பெரிதாக வெட்டினாள். ஹேர்னிங்கில் உள்ள ஏசியன் கடையில் சிவப்புப் பேரீச்சம்பழமும் உலர்ந்த அத்திப்பழமும் கிடைத்தன. சின்னச் சூட்டில் இரண்டரை மணித்தியாலம். நிறம் வந்தது. மணமும் கிட்டத்தட்ட வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். வாசலில் முய் துணி சுற்றிய சட்டியோடு நிற்கிறாள். ஆனால் முகம் தெளிவாக இல்லை. ஏதோ ஒன்று குறைகிறது. பின்நாக்கில் ஒரு சின்னக் கசப்பு இருந்ததே, அது என்ன?

அரைக் கோப்பை குடித்தாள். வயிறு அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மேசையருகே இருந்து அழுதாள். ஸ்ரிபன் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவவைக் கேளுமன்," என்றார்.

"எந்த முகத்தோடை கேக்கிறது?"

"டெலிபோனிலை முகம் தெரியாதுதானே."

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் இருக்கும் நிறோஷினிக்கு இப்போது முப்பத்துமூன்று வயது. கணக்காளராக வேலை. சின்ன வயதில் படிக்கட்டில் சொன்னது அவளுக்கு ஞாபகமேயில்லை. விக்ரோரியாவும் அதை ஒருநாளும் நினைவுபடுத்தியதில்லை. முய்யின் மகனுடைய பெயரை மட்டும் சொல்லித் தேடச் சொன்னாள். பத்து நிமிடத்தில் இலக்கம் வந்துவிட்டது. அதன் கீழே டெனிஷில் ஒரு வரி: சூப் கொண்டுவருகிற அந்த அன்ரிதானே? எனக்கு அவ கை ஞாபகம், எப்போதும் சூடாக இருக்கும்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு விக்ரோரியா இலக்கத்தை அழுத்தினாள். மகன் எடுத்தான், யாரென்று கேட்டான், உள்ளே யாரையோ சீனத்தில் கூப்பிட்டான். செருப்பு இழுபடும் சத்தம். பிறகு அந்தக் குரல். கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் அதே டெனிஷ், ஒரு பழுதும் சரியாகவில்லை.

"விக்? நீ உயிரோடு?"

"உயிரோடு, முய் அக்கா. வயிறு பாதி."

எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, மிளகாய், அப்பிள். கடைசியில், "உன் சூப்பை நான் வைத்துப் பார்க்கிறேன். வரவில்லை. அதில் என்ன குறைகிறது?" என்று கேட்டாள்.

மறுபக்கத்தில் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"நான் எப்படிச் சொல்வது? நான் உன் சட்டியைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை வருகிறேன்," என்றாள் முய்.

எழுபத்தெட்டு வயதில், இடுப்பில் புது மூட்டோடு, தனியாக ரயில் ஏறி, வைலயில் மாறி, பிராண்டே நிலையத்தில் வந்து இறங்கினாள். ஸ்ரிபன் போய்க் கூட்டிவந்தார். வாசலில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முய் குறுகிப் போயிருந்தாள், தலை முழுதும் வெள்ளை. விக்ரோரியா பதினாறு கிலோ இறங்கியிருந்தாள். "நீ இப்போது வள்ளத்தில் வந்த ஆள் மாதிரி," என்றாள் முய். அதற்குப் பிறகுதான் கட்டிப்பிடித்தார்கள்.

முய் அடுப்பைத் தொடவில்லை. சமையலறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். விக்ரோரியா எலும்பைக் கொதிக்க வைத்துக் கழுவினாள், கரட்டை வெட்டினாள், அப்பிளை வெட்டினாள். எல்லாவற்றுக்கும் முய் தலையாட்டினாள். பழங்களைச் சட்டிக்குள் போட்டு மூடப்போன நேரம், முய் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். உள்ளே கறுத்து, தோல் மாதிரி இறுகிய துண்டுகள்.

"தோடம்பழத்தோல்," என்றாள் விக்ரோரியா. ஒரேஞ்சு மணத்திலேயே தெரிந்தது. முய் வீட்டில் மாரிகாலம் முழுதும் ஹீட்டருக்கு மேலே நூலில் கோத்த தோடம்பழத்தோல் தொங்கும். வீடு மணக்கத்தான் போட்டிருக்கிறாள் என்று விக்ரோரியா எண்ணியிருந்தாள்.

"பத்து வருடத்துத் தோல். சின்னத் துண்டு போதும். கூடினால் மருந்து." முய் ஒரு நகமளவு துண்டைக் கையில் கொடுத்தாள். "உப்பு கடைசியில். இனிக் காத்திரு."

காத்திருந்தார்கள். சட்டிக்குள் மெல்லிய கொதி. ஸ்ரிபன் தோட்டத்தில் இலை கூட்டப் போய்விட்டார். மணம் எழும்பத் தொடங்கிய நேரம் விக்ரோரியா சொன்னாள். தயார்பண்ணி வைத்திருந்த டெனிஷ் எல்லாம் மறந்துபோனது.

"முய் அக்கா, ஆறு வருடம். நான் குடிக்கவில்லை. ஊற்றினேன். நல்ல ருசி என்று பொய் சொன்னேன்."

"தெரியும்."

"நிறோஷினி சொன்னாள், அதால்."

"இல்லை. முதல் சட்டியிலேயே தெரியும்." முய்யின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிப்பு. "நீ கறி அனுப்பினாய். நான் மூடியைத் திறந்தேன். அது என் எலும்பு. நான் விலாவைக் குட்டையாக வெட்டுவேன், மகனுக்காக, இரண்டு விரல் நீளம். இந்த ஊரில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை. என் எலும்பு எனக்கே சிவப்பாகத் திரும்பி வந்தது."

விக்ரோரியா கையால் வாயைப் பொத்தினாள்.

"நான் அதைச் சாப்பிட்டேன் என்று நினைத்தாயா? பைப்புக்குக் கீழே பிடித்தேன். சுடுதண்ணீர். மூன்று முறை கழுவினேன். அப்படியும் என் மகன் உறைப்பில் அழுதான்," என்றாள் முய். "ஆறு வருடம் உன் கறியைக் கழுவினேன். நீ என் சூப்பை ஊற்றினாய். இரண்டு சிங்குக்கும் ஒரே குழாய். மேலே சிவப்பு, கீழே இனிப்பு."

இருவரும் சிரித்தார்கள். விக்ரோரியா தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு ஸ்ரிபன் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரிப்பு அடங்கியதும் விக்ரோரியா கேட்டாள்: "தெரிந்துகொண்டு ஏன் கொண்டுவந்தாய்?"

முய் சட்டியைப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு பேருக்குச் சூப் வைக்கத் தெரியாது. சைகோனில் எங்கள் வீட்டில் பதினொரு பேர். நான்தான் வைப்பேன். டென்மார்க்குக்கு வந்த பிறகும் கை பதினொரு பேருக்குத்தான் அளந்தது. மிச்சம் ஒன்பது பேருடையதை என்ன செய்வது? கொட்ட மனம் வரவில்லை. உனக்குத் தந்தேன். நீ கொட்டினாய். அது உன் பாடு."

அந்த ஒன்பது பேரில் யார் யார் எங்கே போனார்கள் என்று விக்ரோரியா கேட்கவில்லை. கொஞ்சம் அவளுக்குத் தெரியும். சிலரைக் கடல் கொண்டுபோனது.

"பிறகு ஏன் நிறுத்தினாய்? கோபமா?"

"கோபமா?" முய்யுக்கு அந்தக் கேள்வி வியப்பாக இருந்தது. "பிள்ளை எனக்கு உண்மை சொன்னாள். நான் தொடர்ந்து கொண்டுவந்தால் நீ அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்? முய்யிடம் அப்படிச் சொல்லாதே, நல்ல ருசி என்று சொல் என்றிருப்பாய். எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்வாள். என்னாலே ஒரு பிள்ளை பொய் பழக வேண்டுமா? அதால் நிறுத்தினேன். பிறகு சின்னச் சட்டி வாங்கினேன்."

விக்ரோரியா அடுப்பின் சூட்டை இன்னும் கொஞ்சம் குறைத்தாள். உண்மையில் அன்றிரவு நிறோஷினியை மடியில் வைத்து, அதே சொற்களைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். இனி முய் அன்ரி கேட்டால் நல்ல ருசி எண்டு சொல்ல வேணும், என்ன? பிள்ளை தலையாட்டியது. அந்தப் பொய்யைச் சொல்ல ஒரு சந்தர்ப்பமும் பிறகு வரவில்லை. அது ஏன் வரவில்லை என்று இருபத்தேழு வருடம் அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. எழும்பிப்போய் முய்யின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். மகள் எழுதியது சரிதான். கை சூடாகத்தான் இருந்தது.

இரண்டரை மணித்தியாலம் கழித்து உப்புப் போட்டார்கள். விக்ரோரியாவுக்கு ஒரு சின்னக் கோப்பை, உணவு ஆலோசகர் சொன்ன அளவு. ஊதி ஊதிக் குடித்தாள். எலும்பின் சாறு முதலில், அதற்குப் பின்னால் பழத்தின் இனிப்பு, கடைசியாகப் பின்நாக்கில் அந்தச் சின்னக் கசப்பு. சூடு தொண்டையால் இறங்கி, மிச்சமிருந்த வயிற்றில் மெல்லப் போய் அமர்ந்தது. கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"எப்படி?" என்றாள் முய்.

விக்ரோரியா கொஞ்சம் யோசித்தாள். "இப்ப நல்லாயிருக்கு. அப்ப எனக்குப் பிடிக்கவில்லை."

முய் தலையாட்டினாள். "உப்பு கொஞ்சம் குறைவு," என்று சொல்லிவிட்டு, தன் கோப்பையை நிரப்பச் சொல்லி நீட்டினாள்.

எலும்புகள் ஸ்ரிபனுக்குப் போயின. அவர் முய்யைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்து வந்து தன் தட்டில் தூவிக்கொண்டார். முய் அதைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தாள்.

பின்னேரம் ரயிலுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. பழைய தொடர்மாடியைப் பார்க்க வேண்டும் என்றாள் முய். ஸ்ரிபன் காரை அதன் முன்னால் நிறுத்தினார். கட்டடத்துக்குப் புதுச் சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள், பல்கனிகளுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பின்சீற்றில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து யன்னலால் மேலே பார்த்தார்கள். எந்த யன்னல் எந்த அறை என்று முய் விரலால் எண்ணிக் காட்டினாள். இரண்டாம் மாடியில் ஓர் இளம் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் வெளிச்சம் இல்லை. யன்னலில் ஒரு மஞ்சள் சீலை தொங்கியது.

"நம்முடைய யன்னல்சீலைகள் இதைவிட நல்லவை. நாம்தான் தைத்தோம், தொழிற்சாலைத் துண்டுத் துணியில்," என்றாள் முய்.

"ஓம். உன்னுடையதில் ஒரு பக்கம் நீளம் கூட," என்றாள் விக்ரோரியா.

"அது நீ தைத்தது."

கொஞ்ச நேரம் அதைப் பற்றி வாதாடினார்கள். ஸ்ரிபன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தார். நிலையத்துக்குப் போகும் வழியில் முய், அடுத்த மாதம் இரண்டாம் வியாழன் தனக்கு வசதி என்றும், ரயிலில் வைலயில் மாறும் இடத்தில் நல்ல கோப்பி இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டே வந்தாள்.